ரத்தத்தில் இருந்தவர்

சாவிக்கொத்தை மேசைமேல் எறியும் சத்தம்தான் முதலில் திரும்பி வந்தது.

நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சலார் என்று கேட்டது. என் தோள் இரண்டும் தானாகக் காதுவரை ஏறிவிட்டன. கையிலிருந்த டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கூடத்தில் யாரும் இல்லை. மேசைமேல் நேற்றைய செய்தித்தாள் மட்டும் கிடந்தது. என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கடையில் இருந்தார், சாவிக்கொத்தும் அவரோடு கடையில்தான் இருந்தது.

அவருக்கு ஊசியை நிறுத்திச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

எங்களுக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி இல்லை. ஜன்னலுக்கு, கதவுக்கு, மேசைக்கு, அலமாரிக்கு அளவு பார்த்து வெட்டிக் கொடுக்கிற கண்ணாடி. அவர் வெட்டுவார், நான் அளவு எழுதி வாங்குவேன், மீசை என்று நாங்கள் கூப்பிடும் ஆள் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவான். மீசைக்கு மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்திருந்தான், பெண் பார்க்கப் போகும்போது எடுத்துவிட்டான், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடியிடம் பொறுமை உண்டு. வெட்டும் முனையை மண்ணெண்ணெயில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பாகக் கீறல் போடுவார். கோடு மயிரிழை பிசகாது. அந்தப் பொறுமையில் மனுஷருக்கென்று அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம். சாவிக்கொத்து மேசையில் விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று நானும் என் மகளும் தெரிந்துகொள்வோம். சாப்பாட்டில் குறை, மின்விசிறி ஓடினால் குறை, ஓடாவிட்டால் குறை. சுவரில் குத்துவார். தட்டைத் தள்ளுவார். கத்துவது பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும், மறுநாள் அவர்களுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியது நான்.

என் வலது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு அளவைக் குறைத்து எழுதிவிட்டேன் என்று கையிலிருந்த கண்ணாடித் துண்டை வெட்டும் மேசையில் ஓங்கி அடித்தார். என் கை மேசைமேல் இருந்தது. தையல் போட்ட ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம் என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரி கையில் தழும்பு இருந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

“சூடான உடம்பும்மா அவனுக்கு. ஆம்பளை ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். அவன் என்ன பண்ணுவான் பாவம்” என்பார் என் மாமியார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, அந்தப் பேச்சு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கே அது ஒரு ஆறுதலாக இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு அப்படி, ரத்தம் அப்படி என்று நினைத்துக்கொண்டால்தான் பக்கத்தில் படுத்துத் தூங்க முடியும்.

பிறகு அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. சிறுநீர் போகக் கஷ்டம் என்று ஆரம்பித்து, ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி.எஸ்.ஏ. என்கிற எண் எகிறிப்போய் நின்றது. அந்தச் சுரப்பியிலிருந்து வருகிற ஏதோ ஒரு புரதமாம். சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டு நோய்தான் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சையும் கூடவே ஹார்மோன் ஊசியும் கொடுக்க முடிவானது. ஆண் ஹார்மோனை ஊசி அடக்கி வைக்கும், அது கிடைக்காவிட்டால் நோய் பட்டினி கிடக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். சின்ன வயசுதான் அவருக்கு, கண்ணாடி போட்டு, பேனாவைத் தலைமுடியில் செருகிக்கொண்டு பேசுவார்.

ஊசி ஏற ஏற என் வீட்டில் வேறு ஒரு மனுஷர் குடிவந்தார்.

முதலில் வியர்வை. உட்கார்ந்த இடத்தில் குப்பென்று முகம் சிவந்து சட்டை நனைந்துவிடும். அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே ஒருநாள் என்னைக் கேட்டார், “உனக்கும் கொஞ்ச வருஷம் முன்னாடி, மாசவிடாய் நின்னப்போ, இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா. உங்களுக்குக் குளிருதுன்னு மின்விசிறியைப் போட விடமாட்டீங்க.”

விசிறுவதை நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அழுகை அடிக்கடி வந்தது. மகள் பேசினால் அழுகை, பழைய போட்டோவைப் பார்த்தால் அழுகை. சீக்கிரம் களைத்துப்போனார். குரலை உயர்த்தவே இல்லை. கடையில் மீசை ஒரு முழுக் கண்ணாடி ஷீட்டைக் கோணலாக இறக்கி விரிசல் விட்டபோது நானும் அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர், “சரி, சின்னச் சின்னதா வெட்டிக்கலாம், விடு” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மீசை என் காதருகே வந்து, “அக்கா, முதலாளிக்கு ரொம்ப முடியலையா?” என்றான்.

மகள் வரத் தொடங்கினாள். கல்யாணமான பிறகு விசேஷமோ துக்கமோ இருந்தால் மட்டும் வந்து, அன்றைக்கே கிளம்பிவிடுகிறவள். என் பேத்தியை அவர் மடியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போக மாட்டாள். இப்போது வந்தால் தங்கினாள். பேத்தி அவர் மேலேறி விளையாடினாள், கடைக் கண்ணாடிகளில் கைரேகை பதித்தாள், அவர் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் அவரை மன்னித்துவிட்டேன். மனதார, முழுசாக. பாவம், ரத்தத்தில் ஓடிய ஒரு சமாசாரம் அவரை அப்படி ஆட்டி வைத்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் உள்ளே இப்படி ஒரு ஆள் இருந்திருக்கிறார். என் மாமியார் சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

பி.எஸ்.ஏ. அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. கருவிக்கே எட்டவில்லை என்றார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பள்ளிக்கூடத்துல ஜீரோ வாங்கினதுக்கு அடி வாங்கினேன். இங்க ஜீரோ வாங்கினா கை குடுக்குறாங்க” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நல்ல எண்தான். ஆனா இதை இப்போ முழுசா நம்பக் கூடாது” என்றார். “ஊசி ஆண் ஹார்மோனை அடக்கி வச்சிருக்கு. அது இல்லேன்னா நோய் செல்லும் சரி, நல்ல செல்லும் சரி, இந்தப் புரதத்தைச் சுரக்காது. நோய் போயிடுச்சா, இல்ல சத்தம் போடாம உள்ள இருக்கான்னு இந்த எண்ணை வச்சு சொல்ல முடியாது. ஊசியை நிறுத்தணும். ஹார்மோன் திரும்பி வரணும். அது வந்த பிறகும் இந்த எண் கீழேயே நின்னா அப்போ நம்பலாம்.”

“வர எவ்வளவு நாளாகும் டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஆளைப் பொறுத்தது. சில மாசத்துலயும் வரலாம், வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். இனிமே ரெண்டையும் ஒரே ரத்தத்துல பாத்துட்டே இருப்போம்.”

என் வீட்டுக்காரர் வெளியே போனதும் நான் தயங்கி நின்றேன். “அது திரும்பி வந்தா, கோபமும் திரும்பி வந்துடுமா?”

டாக்டரம்மா பேனாவைத் தலையிலிருந்து எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார். “வியர்வை, களைப்பு, அழுகை, இதெல்லாம் ஊசியால. கோபத்தை ஹார்மோன் தலையில கட்ட முடியாதும்மா. ஊசி போட்டதும் எரிச்சல் அதிகமாகிறவங்களே இருக்காங்க.”

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மனசுக்குள், இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், நோயைப் படித்திருக்கிறாள், என் வீட்டில் குடியிருந்தாளா என்று நினைத்துக்கொண்டேன்.

மகளிடம் போனில் சொன்னேன். “ஊசியை நிறுத்த வேணாம்னு சொல்லும்மா. இன்னும் கொஞ்ச நாள் போடச் சொல்லு.”

“எலும்பு தேயுமாம்டி. இருதயத்துக்கும் நல்லதில்லையாம்.”

“அதெல்லாம் சரி. நான் பாப்பாவைக் கூட்டிட்டு வரணுமா வேணாமா?”

அன்று அவரே என்னிடம் வந்தார். வெட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் கேட்டார், “நிறுத்தட்டுமா? நீ சொல்லு. பழைய ஆள் திரும்பி வந்துட்டா நீதானே அனுபவிக்கணும்?”

அவரும் அந்த ஆளுக்குப் பயந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு மனசு இளகிப்போனது. “உங்க உசுரைவிடவா? நிறுத்துங்க” என்றேன். நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் வீட்டில் பழைய ஆளின் நடமாட்டம் தொடங்கியது.

யாரும் இல்லாதபோது சாவிக்கொத்து விழுந்தது. மாடிப்படியில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. குளியலறையிலிருந்து அந்தக் கனைப்பு வந்தது, கத்துவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அது. கதவைத் திறந்தால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். நான் பைத்தியம் இல்லை, அவையெல்லாம் என் காதுக்குள் கேட்பவை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? தோள் ஏறுவது நிற்கவில்லை.

கண்கொத்திப் பாம்பாக அவரைக் கவனித்தேன். வியர்வை குறைந்தது, எனக்குத் திக்கென்றது. முகத்தில் முடி முன்போல் அடர்த்தியாக வந்தது, தினம் சவரம் செய்ய வேண்டியிருந்தது. கண்ணாடி ஷீட்டைத் தூக்கும்போது கையில் பழைய பலம் தெரிந்தது. ஒரு நடை வந்தது, கொஞ்சம் மார்பை முன்னால் தள்ளி. ஒருநாள் சமையலறையில் என் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. ஆசையாகத்தான் வைத்தார், என் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. அவர் கையை எடுத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

நோய் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது தெரிய ஹார்மோன் வர வேண்டும். ஹார்மோன் வந்தால் பழைய ஆள் வருவார். எதை வேண்டுகிறேன் என்று எனக்கே புரியாமல் பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு என்னால் போக முடியவில்லை, பேத்திக்கு உடம்பு சரியில்லை என்று மகள் வீட்டில் இருந்தேன். அவர் மீசையைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டதற்கு, “எல்லாம் அப்படியேதான் இருக்குதாம்” என்றார். அப்படியானால் ஹார்மோன் இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்று மூச்சு விட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த அவகாசத்தைக் கரைத்துக்கொண்டே போவதுபோல் இருந்தது. தட்டை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வைக்கப் பழகிக்கொண்டேன். அது பழைய பழக்கம்தான், தூசி தட்டினால் போதுமாக இருந்தது.

அடுத்த தடவை இருவரும் போனோம். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே கைகழுவும் இடம், யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் என்று நினைத்தேன்.

உள்ளே போனதும் டாக்டரம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். “ரொம்பச் சந்தோஷமான விஷயம். ஹார்மோன் நல்லா நிக்குது, உங்க வயசுக்கு என்ன இருக்கணுமோ அது இருக்கு. பி.எஸ்.ஏ. ஜீரோவிலேருந்து கொஞ்சூண்டு ஏறியிருக்கு, பயப்பட வேணாம். சுரப்பி உள்ளதானே இருக்கு, ஹார்மோன் வந்ததும் அதுவும் கொஞ்சம் வேலை செய்யும். போன தடவை இருந்த இடத்தைவிட்டு நகரலை, அதுதான் முக்கியம். தொடர்ந்து பாத்துட்டே இருக்கணும். ஆனா இப்போ இந்த எண்ணை நான் நம்புறேன்.”

எனக்கு ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டது. “போன தடவையா?”

“ஆமாம்மா. ஹார்மோன் போன தடவையே முழுசா வந்துடுச்சே. அவர்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லலையா?”

அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைக்குத் திரும்புகிற வழியெல்லாம் போன பரிசோதனைக்கும் இதற்கும் இடையில் நடந்ததையெல்லாம் மனசில் புரட்டிக்கொண்டு வந்தேன். பேத்தி அளவுநாடாவை ஒளித்துவைத்தது. ஒரு வாடிக்கையாளர் தன் அளவுத் தவறை எங்கள் தலையில் கட்டி, காசு தர மாட்டேன் என்று நடுக்கடையில் நின்று கத்தியது. நான் சாம்பாரைத் தீய விட்டது. எதற்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. அப்போதெல்லாம் ரத்தத்தில் அது முழுசாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வரப்போகிறவருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது வந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

கடையில் ஒரு பெரிய ஷீட்டை வெட்டி வைத்திருந்தார், ஏதோ ஒரு கடையின் முகப்புக்கு. மேசையிலிருந்து சுவரோரம் உள்ள ஸ்டாண்டுக்கு மாற்ற வேண்டும். மீசை வெளிவேலைக்குப் போயிருந்தான். “ஒரு கை பிடி” என்றார். கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பிடித்தேன்.

எங்கள் கடையில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணாடியைத் தூக்கிவிட்டால் கீழே வைக்கும்வரை யாரும் பேசக் கூடாது. கவனம் சிதறினால் கை போய்விடும். கடை திறந்த நாளிலிருந்து அதை யாரும் மீறியதில்லை, அவர்கூட. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் கண்ணாடி கையில் இருக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார், வைத்த பிறகுதான் கத்துவார்.

பாதி வழியில் நான் நின்றேன். அவரும் நிற்க வேண்டியதாயிற்று.

“போன தடவையே தெரியும்ல?”

அவர் முகம் வெளிறியது. “இறக்கி வச்சிட்டுப் பேசலாம்.”

“வேணாம். இப்படியே சொல்லுங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், அதன்மேல் தெருவில் போகிற வண்டிகளின் நிழல். “தெரியும்” என்றார்.

“ஏன் சொல்லல?”

“நீ பயந்துடுவே. பொண்ணு வர மாட்டா.” கையை லேசாக மாற்றிப் பிடித்தார். “அவன் வந்துடுவான்னு நானும் தினம் பாத்துட்டுதான் இருந்தேன்.”

“வரலையா?”

“கோவம் வந்துச்சு. அந்த ஆளு காசு தர மாட்டேன்னு கத்தினானே, அன்னைக்கு வந்துச்சு. வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு தடவை வந்துச்சு. முன்ன மாதிரியேதான் வந்துச்சு.”

“அப்புறம்?”

“வாயை மூடிக்கிட்டேன். எழுந்து வெளிய போயிட்டேன்.”

“அப்படிப் பண்ண முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

கண்ணாடி கனத்தது. என் முன்கை நடுங்கியது, தழும்பு இருக்கிற கை. அவர் அதைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கைதான் கேட்டது போலிருக்கிறது.

“அன்னைக்கும் முடிஞ்சிருக்கும்” என்றார்.

மெதுவாக நடந்து ஷீட்டை ஸ்டாண்டில் சாய்த்தோம். விரிசல் இல்லை, ஓரம்கூடச் சிதறவில்லை. நான் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. முப்பது வருஷமாக எனக்கு வராத கோபம் அது, வந்து நின்றபோது அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தை மன்னித்திருந்தேன் நான். ஹார்மோனை மன்னித்திருந்தேன். இந்த ஆளை மன்னிக்க வேண்டிய வேலை அப்படியே பாக்கி இருக்கிறது, அது என்னால் ஆகுமா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் போன் செய்தாள். “என்னம்மா ஆச்சு?”

“நோய் இப்போதைக்கு இல்லையாம். ஹார்மோனும் திரும்பிடுச்சாம்.”

“ஐயோ. அப்பா எப்படி இருக்காரு? கோவப்படுறாரா?”

“இல்ல.”

“அப்பாடா. நல்லதும்மா, ரொம்ப நல்லது” என்று அழுதாள். சந்தோஷ அழுகை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன், அவர் கடையில் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனேன். கூடத்தில் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. தோள் ஏறியது. டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவர் மேசையருகே நின்றிருந்தார். சாவியை மெதுவாகத்தான் வைத்திருந்தார், விரல் இன்னும் அதன்மேல் இருந்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.